சுலோசனாவின் அம்மா

எனக்குக் கோபமே வராது என்று சொன்னால் மூலக்குளத்தில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். நம்பவேண்டாம். ஆனால் அந்த ஒரு வாரம் என் தங்கை வேம்பு என்னைப் படுத்திய பாட்டில், என் இடத்தில் எந்தச் சாது இருந்திருந்தாலும் கரண்டியைத் தூக்கி எறிந்திருப்பாள்.

விஷயம் இதுதான். எங்கள் பெண் சுலோசனா பாரீசுக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் இருக்கிறாள். மாப்பிள்ளை இராமதாஸின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். அந்த வழியில் அவர்கள் வீட்டில் எல்லோருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. கல்யாணமாகிப் போன பிறகு சுலோசனாவுக்கும் அது கிடைத்தது. முதல் பிள்ளை அவளுக்கு ஏழாம் மாதத்திலேயே தவறிப்போய்விட்டது. மாப்பிள்ளை மெட்ரோ ரயிலில் வேலை பார்ப்பவர். அன்றைக்கு வேலைக்குப் போய்விட்டார். பக்கத்தில் ஒரு நாதி இல்லை. பெண் தனியாகக் கிடந்து துடித்திருக்கிறாள். அந்தச் சேதி கேட்ட நாளிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் சோறு சோறாக இறங்கவில்லை.

இப்போது மறுபடியும் உண்டாகியிருந்தாள். படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டாராம். பெற்ற தாயைக் கூட்டிக்கொண்டு போய் நிரந்தரமாகக் கூடவே வைத்துக்கொள்ள அந்த நாட்டில் விசா உண்டு. மாப்பிள்ளை அதற்கு எழுதிப்போட்டு, இங்கே பிரெஞ்சு கான்சுலேட்டிலிருந்து நேரில் வரச்சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. பிரசவத்துக்கு முன்னால் தாய் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். எங்களுக்கு வேறு கவலை கிடையாது.

சிக்கல் என்னவென்றால், எங்கள் வீட்டில் அம்மா இரண்டு பேர்.

நான் மணியம்மாள், மூத்தவள். எனக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் வயிறு திறக்கவில்லை. வீட்டுக்காரர் சாமிக்கண்ணு மில்லில் தறி ஓட்டினார். நல்ல மனுஷர், அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து அவர் அம்மா பேசுவாள். அவள் வேறு பெண் பார்க்க ஆரம்பித்ததும் நான் யோசித்தேன். எவளோ ஒருத்தி வந்து என் அடுப்படியைப் பிடித்துக்கொள்வதைவிட, கூடப் பிறந்தவளே வரட்டும். நானே ஊருக்குப் போய் வேம்புவை அழைத்துவந்து, நானே தாலி எடுத்துக்கொடுத்துக் கட்டிவைத்தேன். அப்போது இங்கே பிரெஞ்சுக்காரன் ஆட்சி. ஊரிலும் இது புதிதில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. வேம்புவையும் யாரும் கேட்கவில்லை, நான் உட்பட.

சுலோசனா வேம்புவுக்குப் பிறந்தாள். மேரி என்கிற நகராட்சி ஆபீசில் பிறப்பைப் பதியும்போது தாய் என்று வேம்புவின் பேரைத்தான் எழுதினார்கள். தீட்டுக் கழித்த அன்று வேம்பு தலைக்குக் குளித்துவிட்டு வந்து, குழந்தையை என் மடியில் போட்டாள். "உன் பொண்ணுக்கா" என்றாள். அத்தோடு பேச்சு முடிந்தது. பால் குடிக்க மட்டும் குழந்தை அவளிடம் போகும். குடித்து முடித்ததும் என் மடிக்கு வந்துவிடும். பேச்சு வந்தபோது என்னை அம்மா என்றும் அவளைச் சின்னம்மா என்றும் கூப்பிட்டது. வயசு வந்த பிறகு விவரம் தெரிந்ததுதான். தெரிந்தும் கூப்பிடுவது மாறவில்லை. பள்ளிக்கூடத்தில், ரேஷன் கடையில், கல்யாணப் பந்தலில், "யாரு, உன் பொண்ணா?" என்று எவர் கேட்டாலும் வேம்பு ஒரே பதில்தான் வைத்திருந்தாள். "அக்கா பொண்ணு."

கான்சுலேட்டில் கேள்வி கேட்கிற வெள்ளைக்கார மதாமிடம் அந்தப் பதில் செல்லாது. பேப்பரில் தாய் வேம்பு என்று இருக்கிறது. அவள் வாயாலும் அப்படியே வரவேண்டும். அதனால் ஒரு வாரம் முன்கூட்டியே நான் பாடம் நடத்தினேன். அடுப்பில் குழம்பு கொதிக்கும், நான் கையில் கரண்டியோடு திரும்புவேன்.

"நான்தான் மதாம்னு வச்சிக்க. கேக்கறேன். சுலோசனாவுக்கு அம்மா யாரு?"

வேம்பு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பாள். "போக்கா."

"மதாம்கிட்ட போய் 'போக்கா'ம்பியா? ஒழுங்கா பதில் சொல்லுடி."

"அங்க போய் சொல்லிக்கிறேன்."

"இங்கியே வரல, அங்க எங்க வரப்போவுது? வாயில இன்னா, கொழுக்கட்டையா வச்சிருக்க?"

"உன் மூஞ்சிய பாத்துக்கினு எப்படிக்கா சொல்றது?"

அப்போதுதான் கரண்டி பறந்தது. அவள்மேல் படவில்லை. சுவரில் குழம்பு தெறித்தது. அதையும் அவள்தான் துடைத்தாள்.

கிளம்பும் அன்று அவளுக்கு என் பட்டுப்புடவையைக் கட்டிவிட்டேன். டவுன் பஸ்ஸில் போய் இறங்கி, கடற்கரைப் பக்கம் ரிக்‌ஷா வைத்துக்கொண்டு போனோம். வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். நிமிர்ந்து உட்கார், கேட்டதற்கு மட்டும் பதில் சொல், அழாதே. தலையை ஆட்டிக்கொண்டே வந்தாள். வாசலில் காவல்காரர், கூப்பிட்ட பேர் மட்டும் உள் அறைக்குப் போகலாம், கூட வந்தவர்கள் கூடத்தில் உட்காரலாம் என்றார். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். வேம்பு உள்ளே போகும்போது திரும்பித் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டே போனாள்.

உண்மையைச் சொன்னால் என்ன? அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு வயிறு எரிந்தது. வளர்த்தது நான். அம்மை போட்டபோது வேப்பிலையோடு பக்கத்தில் கிடந்தது நான். தாரை வார்க்கும்போது நீர் ஊற்றியது நான். ஏரோப்ளேன் ஏறுவது அவள். போனால் திரும்பி வருவாளா என்பதே சந்தேகம். வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார், பெண்ணும் இல்லை, தங்கையும் இல்லை என்று மூலக்குளத்து வீட்டில் ஒண்டியாக உட்கார்ந்து நான் யாரோடு சண்டை போடுவது? இவ்வளவும் நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டே, 'சாமி, அவ வாயில அந்த வார்த்தை வந்துடணும்' என்று வேண்டவும் செய்தேன்.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. மொழிபெயர்த்துச் சொல்கிற ராமலிங்கம் என்பவர் வெளியே வந்தார். வழுக்கைத் தலை, சாந்தமான முகம்.

"நீங்கதான் மணியம்மாளா?"

"ஆமாங்க. இன்னா ஆச்சி?"

"கொஞ்சம் உள்ள வாங்கம்மா. பொண்ணுக்குத் தாயார் யாருன்னு கேட்டா, உங்க தங்கச்சி 'எங்க அக்கா, வெளிய உக்காந்திருக்குது'ங்கறாங்க. பேப்பர்ல இருக்கறது அவங்க பேரு. மதாம் ரெண்டு தடவை கேட்டுட்டாங்க. ரெண்டு தடவையும் இதையேதான் சொல்றாங்க."

நான் அங்கேயே தலையில் அடித்துக்கொண்டேன்.

உள்ளே மேசைக்குப் பின்னால் மதாம் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி போட்ட சின்ன வயசுப் பெண், சுலோசனாவைவிட நாலைந்து வயசு கூட இருக்கலாம். எழுந்து எனக்கு நாற்காலி காட்டினாள். வேம்பு என் முகத்தைப் பார்க்கவில்லை. பட்டுப்புடவைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி" என்று ஆரம்பித்தவள், இடம் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

மதாம் பிரெஞ்சில் பேசினாள். கோபமாகப் பேசவில்லை. ராமலிங்கம் தமிழில் சொன்னார். "மதாம் கேக்கறாங்க, சுலோசனாங்கற பொண்ணைப் பெத்தது யாரு? வேற ஒருத்தர் பேப்பரை வச்சி இன்னொருத்தர் போற மாதிரி ஆயிடக்கூடாது. அதனாலதான் கேக்கறாங்க. நீங்க நெஜத்தைச் சொன்னா போதும்."

ஒரு வாரமாக வேம்புவை விரட்டிக்கொண்டிருந்தவள் நான். இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தவள். என் முறை வந்ததும் நானும் அவளைப்போலவே முந்தானையைத் தேடினேன். ஊரார் என்னை முதுகுக்குப் பின்னால் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் எனக்குப் பிள்ளை பிறக்கவில்லை என்பதை என் வாயால் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும் அவசியம் வராமல் வேம்பு பார்த்துக்கொண்டாள். யாராவது கேட்க வாயைத் திறப்பதற்குள் "அக்கா பொண்ணு" என்று முந்திக்கொள்வாளே, அது எதற்கு என்று எனக்கு அந்த நாற்காலியில்தான் புரிந்தது.

"எனக்குப் பொறக்கலைங்க" என்றேன். "எனக்குப் பிள்ளையே பொறக்கல. அதனால இவளை எங்க வீட்டுக்காரருக்கு நாந்தான் கட்டிவச்சேன். சுலோசனா இவ வயித்துல பொறந்தது. பெத்தவ இவ."

"அப்ப ஏன் உங்க தங்கச்சி உங்களைத்தான் தாயார்ங்கறாங்க?" என்றார் ராமலிங்கம்.

"அவ பைத்தியம், அதனாலதான்."

ராமலிங்கம் இதை எப்படிச் சொன்னாரோ, மதாம் முகத்தில் சின்னதாகச் சிரிப்பு வந்துபோனது. அப்புறம் வேம்பு பக்கம் திரும்பினாள். ராமலிங்கம் சொன்னார்: "பொண்ணு பொறந்த அன்னிக்கு என்ன நடந்துச்சின்னு உங்களைச் சொல்லச் சொல்றாங்க. நீங்கதான் சொல்லணும். அக்கா சொல்லக்கூடாது."

வேம்பு என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். பார்த்தால் அவள் பேசமாட்டாள் என்று தெரியும்.

கசக்கிய தலைப்பைக் கையிலிருந்து விட்டாள். அப்புறம் மெதுவாக வந்தது.

"அன்னிக்கு மழைங்க. பெரியாஸ்பத்திரில சேத்துட்டு அக்கா வூட்டுக்குப் போய் கஞ்சி எடுத்துக்கினு வரேன்னு போச்சி. ரோட்டுல தண்ணி, வர முடியல. அதுக்குள்ள பொறந்துடுச்சி. நர்ஸம்மா தொடச்சி என் பக்கத்துல போட்டாங்க. அழுவல. கண்ணை முழிச்சி என்னையே பாத்துச்சி. நான் கைய காலப் பாத்தேன். காதுக்குப் பின்னால சின்னதா ஒரு மச்சம் இருந்துச்சி. நாந்தான் மொதல்ல பாத்தேன். அக்கா வந்தப்ப அதைச் சொல்லல. அக்காவே கண்டுபுடிக்கட்டும்னு உட்டுட்டேன்."

அந்த மச்சத்தை நான்தான் கண்டுபிடித்தேன் என்று இத்தனை வருஷமும் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கும்போது பார்த்துவிட்டு, "அடியே வேம்பு, இங்க வந்து பாருடி, மச்சம்!" என்று கத்தினேன். அவள் அடுப்படியிலிருந்து ஓடிவந்து குனிந்து பார்த்து, "அட, ஆமாங்க்கா!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். இப்படி ஒரு கள்ளியோடு ஒரே வீட்டில் குடித்தனம் பண்ணியிருக்கிறேன்.

மதாம் ஏதோ கேட்டாள். ராமலிங்கம் அதைச் சொல்வதற்குக் கொஞ்சம் தயங்கினார். "பெத்த பிள்ளைய ஏன் அக்காகிட்ட குடுத்தீங்கன்னு கேக்கறாங்க."

"அக்கா சத்தமா அழுவாதுங்க. கெணத்தடியில போய் தண்ணி எறைச்சிக்கினே அழுவும். நான் அந்த வூட்டுக்கு வந்ததுலருந்து பாத்தேன். இனிமே அழுவக்கூடாதுன்னு குடுத்துட்டேன்." வேம்பு தலைப்பை மடியில் நீவிவிட்டாள். "எனக்கு இன்னொண்ணு பொறக்கும்னு நெனச்சேன். பொறக்கல."

அவ்வளவுதான் சொன்னாள். குறை சொல்கிற குரலில் சொல்லவில்லை. மழை வரும் என்று நினைத்தேன், வரவில்லை என்பதுபோலச் சொன்னாள். ஒரே கூரைக்குக் கீழே, ஒரே பானைச் சோறு தின்று, இதை அவள் என்னிடம் ஒரு தடவை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கும் தெரியவில்லை. நான் அழுதேன். அழாதே என்று அவளுக்குப் பாடம் சொன்ன நான், வெள்ளைக்காரப் பெண் முன்னால் மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன்.

மதாம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். பேனாவை எடுத்தாள். ராமலிங்கம், "கடைசியா ஒரு தடவை கேக்கறாங்கம்மா" என்றார். "சுலோசனாவுக்குத் தாயார் யாரு?"

வேம்பு மறுபடியும் என்னைத்தான் பார்த்தாள். இந்தத் தடவை நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"சொல்லுடி. என் மூஞ்சிய பாத்தே சொல்லு."

"நான்தான்" என்றாள். சொல்லிவிட்டு, ஏதோ தப்புச் செய்துவிட்டவளைப்போல என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அழுத்திப் பிடித்தேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. வலித்தது, நன்றாகவும் இருந்தது.

மதாம் எழுதிக்கொண்டாள். அப்புறம் பேனாவால் என்னைக் காட்டினாள். "இந்தம்மா பொண்ணுக்கு என்ன உறவுன்னு எழுதணும்" என்றார் ராமலிங்கம்.

வேம்பு வாயைத் திறந்தாள். அவள் என்ன சொல்லித் தொலைப்பாள் என்று எனக்குத் தெரியாதா? முந்திக்கொண்டேன்.

"பெரியம்மா."

முறைப்படி நான் சுலோசனாவுக்குப் பெரியம்மாதான். ஆனால் அந்த வார்த்தையால் என்னை யாரும் கூப்பிட்டதில்லை. முதல்முதலாக நானே என்னைக் கூப்பிட்டுக்கொண்டேன். மதாம் ஒரு சின்ன வார்த்தையாக எழுதினாள். "தாந்த்னு எழுதியிருக்காங்க. பெரியம்மா, சித்தி, அத்தை எல்லாத்துக்கும் அவங்க பாஷையில அது ஒண்ணுதான்" என்று ராமலிங்கம் விளக்கினார். என்னவோ ஒன்று, எழுதிக்கொள்ளட்டும் என்று எழுந்தேன். மதாம் வாசல்வரை வந்து, இரண்டு பேருக்கும் கை குவித்துக் கும்பிட்டாள்.

வெளியே வெயில் சுட்டது. வேம்பு ரிக்‌ஷாவில் ஏறமாட்டேன் என்று நின்றாள்.

"ஏங்க்கா அப்படிச் சொன்ன?"

"பின்ன இன்னா சொல்றது? ரெண்டு அம்மாவுக்கு எடம் இல்லடி அந்தப் பேப்பர்ல."

"சுலோ கேட்டா கோவிச்சிக்கும்."

"அதுகிட்ட எதுக்குச் சொல்ற? சொன்னியோ, தோலை உரிச்சிடுவேன். ஏறு."

ஏறினாள். வீடு வரும்வரை என் கையை விடவில்லை. நானும் மச்சத்தைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டால் மறுபடியும் அழுகை வரும், ரிக்‌ஷாக்காரன் திரும்பிப் பார்ப்பான்.

விசா கிடைத்துவிட்டது. சேதி வந்த அன்று தெருவில் எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்தேன். பிரசவ லேகியம் கிண்டினேன். பூண்டு உரிக்கவும் சுக்கு தட்டவும் வேம்பு கூட உட்கார்ந்தாள், என் கைப்பக்குவத்தில் குறை சொன்னாள், ஏச்சு வாங்கிக்கொண்டாள். அந்தக் குளிருக்கு என்று எதிர்வீட்டுப் பார்வதியின் பெண்ணை விட்டு இரண்டு ஸ்வெட்டர் பின்ன வைத்தேன். ராத்திரி பகல் என்று பார்க்காமல் எதையாவது மூட்டை கட்டிக்கொண்டே இருந்தேன். சும்மா உட்கார்ந்தால் வீடு எவ்வளவு பெரியதாக ஆகிவிடப்போகிறது என்று தெரிய ஆரம்பித்துவிடும்.

வேம்பு கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, சுலோசனா போன் பண்ணுவாள் என்று அரிசி மண்டி சக்கரபாணி ஆள் அனுப்பினார். எங்கள் பக்கம் போன் இருந்தது அவர் மண்டியில்தான். இரண்டு பேரும் ஓடினோம். மணி அடித்ததும் சக்கரபாணி எடுத்துக் கேட்டுவிட்டு என் கையில் கொடுத்தார். இரைச்சல். கடலுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது.

"ஹலோ, யாரு பேசறது?" என்றாள் சுலோசனா.

எனக்கு என்ன தோன்றியதோ. இத்தனை நாள் மனசுக்குள் வைத்து உருட்டிக்கொண்டிருந்தது வாயில் வந்துவிட்டது. ஒரு பக்கம் வீம்பு, ஒரு பக்கம் இனிமேல் இப்படித்தான் பழகிக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம். கூட வேம்பு நிற்கிறாள், அவளுக்கு உரியதை அவள் காது கேட்கக் கொடுத்துவிடலாம் என்றும் இருந்தது.

"பெரியம்மா பேசறேன்" என்றேன்.

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை. மூச்சு கேட்டது.

"எந்தப் பெரியம்மா?" என்றாள். என்னிடம் வளர்ந்த பெண், கோபத்துக்குக் கேட்கவா வேண்டும்? "எனக்குப் பெரியம்மான்னு யாரும் கெடையாது. எங்கம்மா அங்க இருந்தா போனை அவங்ககிட்ட குடுங்க."

ரிசீவரை வேம்புவிடம் நீட்டினேன். "இந்தா. அம்மா வேணுமாம். உன்னைத்தான் கேக்கறா."

வேம்பு வாங்கிக் காதில் வைத்தாள். கொஞ்ச நேரம் கேட்டாள். "ம், ம்" என்றாள். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, முகமெல்லாம் சிரிப்பு. பெற்றவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அன்றுதான் பார்த்தேன். அப்புறம் ரிசீவரை என் காதிலேயே கொண்டுவந்து அழுத்தி வைத்தாள்.

"உன்னத்தாங்க்கா கேக்கறா."

வாங்கிக்கொண்டேன். ஊரையே வாயால் அளக்கிற எனக்கு, "சாப்பிட்டியாடி?" என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் வரவில்லை.